ஐஸ் இல்லாமல் கிடந்த தட்டு: பயம் இருந்தால்தான் வேலை நடக்குமா?

#1 மண்டபக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாட்டுப்படகுக்காரர்கள் வலைபோட்டுக் கொண்டுவரும் நீல நண்டு, அவித்து எங்கள் மேஜைக்கு வரும். ஓட்டை உடைத்துச் சதையை ரகம் ரகமாகப் பிரித்துத் தட்டில் வைப்போம். அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. எடுத்த கிலோவுக்குக் கூலி. பல வருஷம் மேஜையில் உட்கார்ந்திருந்த என்னை இப்போது சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள்.

மேஜையில் இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்கு அக்கா, மதினி, சித்தி முறை. முதலாளி முதல் நாளே கூப்பிட்டு, "உன்னைப் பார்த்தால் ஒரு பயம் இருக்கணும்மா, இல்லையென்றால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்" என்றார். எனக்கு முன்னால் இருந்த அண்ணன் அப்படித்தான் இருந்தார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே கூடம் அடங்கிவிடும்.

போன வாரம் ஒரு தட்டு மேஜைக்கு அடியில் ஐஸ் இல்லாமல் கிடந்தது. எடுத்த சதையை உடனே ஐஸில் வைக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று தெரியவில்லை. ஒவ்வொரு தட்டிலும் அவரவர் நம்பர் போட்ட வில்லை இருக்கும். இந்தத் தட்டில் வில்லையைக் காணோம். யாருடையது என்று கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. என்னோடு ஒரே தூக்குச்சட்டியில் பங்குபோட்டுச் சாப்பிட்டவர்கள். நான் மேஜையில் இருந்தவரை என்னிடம் மறைத்தது ஒன்றுமில்லை.

தட்டு வீணானால் கூலியில் பிடிப்பார்கள், அதுவும் உண்மை. நான் இப்போது கத்த வேண்டுமா, தட்டிக்கொடுக்க வேண்டுமா? ஆள் வைத்து வேலை வாங்கியவர்கள், இதைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வாலிநோக்கம்_உப்பு

தங்கச்சி, உங்கள் முதலாளி சொன்னதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். உப்பளத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறேன். உப்பை வாரி அம்பாரமாகக் குவித்து வைத்திருப்போம். திடீரென்று மேகம் கறுக்கும். ஓலை போட்டு மூட வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தால் உப்பு கரைந்து தண்ணீராகப் போய்விடும். ஒரு சத்தம் போட்டால் ஓடிவர வேண்டும்.

அதோடு உங்களுக்குச் சொந்தக்காரர்கள் வேறு. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால், "அவளுக்கு விட்டாய், எனக்கு ஏன் விடவில்லை" என்று அடுத்தவள் வருவாள். முதல் மாதம் கறாராக இருங்கள், அப்புறம் தளர்த்திக்கொள்ளலாம். முதலிலேயே தளர்ந்துவிட்டால் பிறகு இறுக்க முடியாது.

#3 கச்சான்காற்று

ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர் நான். உப்பு அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வலை இழுக்கும்போது கயிறு சிக்கினால் கை போகும், ஆள் போகும். அங்கே ஒரே சத்தம்தான்.

ஆனால் படகில் ஏதாவது கோளாறு என்றால் அது முதலில் என் காதுக்கு வராது. ராத்திரி சுக்கானை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நான் கண்ணயர்ந்திருப்பேன். எஞ்சின் பக்கத்தில் படுத்திருக்கிற சின்னப் பையனுக்குத்தான் சத்தம் மாறுவது தெரியும். அவன் வந்து காலைத் தட்டி, "அண்ணே, எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு" என்கிறான். இறங்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் நான் அவனிடம் என்ன சொல்கிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏண்டா தூங்கவிடாமல் உயிரை வாங்குகிறாய்" என்றால், அடுத்த தடவை நிஜமாகவே பெல்ட் அறுகிற நேரத்தில் அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். "சரிடா, பார்த்தாச்சு, மறுபடி கேட்டாலும் எழுப்பு" என்றால் எழுப்புவான். எத்தனை தடவை வெறும் எச்சரிக்கையாகப் போனாலும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அதைச் சொல்வது லேசு இல்லை.

உங்கள் கூடத்தில் யாரும் நிமிராததற்கு உங்கள் மேல் கோபம் காரணமாக இருக்காது தங்கச்சி. முன்னால் நிமிர்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

#4 தொண்டி_வாத்தியார்

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். டிரைவர் தம்பி சொன்னதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு பருவம் ஆகும்.

ஏமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியர். 1990களில் இரண்டு மருத்துவமனைகளின் வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்த குழுவில் இருந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பிறகுதான் விஷயம் புலப்பட்டது: அங்கே தவறுகளை வெளியே சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். 1996இல் அந்த ஆய்வு வெளியானது. அதைத் தொடர்ந்து 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, "இங்கே வாயைத் திறந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு குழு பொதுவாக நம்புவதை மனப் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கு முன்னால் இருந்த அண்ணன் காலத்தில் எத்தனை தட்டு இப்படிப் பிடிபட்டது? ஒன்றுமில்லை என்றால், அதை நல்ல நிர்வாகம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கத்துவதைப் பற்றியும் ஒன்று. கர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் அயோவாவில் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1939இல் வெளிவந்த ஆய்வு. அதிகாரம் செய்யும் தலைவர் இருந்த குழுவில் அவர் பக்கத்தில் நிற்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் கை நின்றது. கலந்து பேசி நடத்தியவரின் குழுவில் அவர் போன பிறகும் வேலை பெரிதாகக் குறையவில்லை. நீங்கள் கூடத்தை விட்டுக் கணக்கு எழுதப் போகிற அரைமணி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

#5 நைட்_டூட்டி

ராமநாதபுரத்தில் நர்ஸ். வாத்தியார் சொன்ன ஆய்வைப் பற்றி நான் படித்ததில்லை, ஆனால் அதற்குள்தான் இருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தவறு நடந்தால் எழுதுவதற்கு ஒரு நோட்டு உண்டு. அதில் முதல் கட்டமே "தவறு செய்தவர் பெயர்". அந்த நோட்டு புதுசாகவே இருந்தது. இன்னோர் இடத்தில் அதே நோட்டு, முதல் கட்டம் "என்ன நடந்தது", இரண்டாவது "நோயாளிக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்". பெயர் கடைசியில். அங்கே பக்கங்கள் நிரம்பின. ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு மருந்துகள் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருந்ததை அந்த நோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்துப் பிரித்து வைத்தோம்.

அக்கா, உங்கள் தட்டு விஷயத்தில் எனக்கு வேறொரு கவலை. டப்பாவில் அடைத்த பிறகு சூடாக்குவீர்கள், அதில் கிருமி செத்துவிடும் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் சாப்பாட்டுக்குப் போகிற ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, சூடான இடத்தில் பெருகி நஞ்சை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு சூடாக்கிக் கிருமியைக் கொன்றாலும் நஞ்சு அப்படியே இருக்கும். ஐஸ் தவறிய நேரத்தைப் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது. தட்டுக்காரர் சொன்னால்தான் உண்டு.

#6 வாலிநோக்கம்_உப்பு

படித்தேன். நர்ஸம்மா சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. சொன்னால் மன்னிப்பு என்று ஆக்கிவிட்டால் கவனமாக இருப்பவருக்கு என்ன மரியாதை? பத்துப் பேர் ஒழுங்காக ஐஸ் வைக்கிறார்கள். ஒருத்தி பேசிக்கொண்டே மறந்துவிட்டு, "அக்கா மறந்துட்டேன்" என்கிறாள். அவளையும் இவர்களையும் ஒரே மாதிரி நடத்தினால் ஒழுங்காக இருப்பவர் மனசு விட்டுப்போகும். அது மட்டும் நியாயமா?

#7 கீழக்கரை_வெளிநாட்டான்

உப்பு அண்ணன் கேட்டது சரியான கேள்வி. வளைகுடாவில் கட்டுமான இடங்களில் போர்மேனாக இருந்தவன் நான்.

எங்கள் இடத்தில் ஒரு சாரத்திலிருந்து ஸ்பேனர் கீழே விழுந்தது. யார் மேலும் படவில்லை. பை கிழிந்திருந்தது தெரியாமல் அதில் போட்டிருக்கிறான். அது தவறு. இன்னொருவன் இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டாமல் ஏறுகிறான், மாட்டச் சொல்லி எத்தனையோ தடவை சொன்ன பிறகும். அது அலட்சியம், அதற்குத் தண்டனை உண்டு. மூன்றாவது ஆள், விழுந்த ஸ்பேனரைக் காலால் தள்ளி மணலில் புதைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி போகிறான். எங்கள் பாதுகாப்பு அதிகாரி கடுமையாக நடந்துகொண்டது இந்த மூன்றாவது ஆளிடம்தான். முதல் ஆளுக்குப் புதுப் பை கொடுத்தார். மூன்று பேருக்கும் ஒரே அபராதம் என்று வைத்திருந்தால் எல்லோரும் மூன்றாவது ஆளாகத்தான் மாறியிருப்பார்கள், ஏனென்றால் அதில்தான் தப்பிக்க வழி இருக்கிறது.

தங்கச்சியின் கம்பெனியில் இப்போது நடப்பது அதுதான். மறந்தாலும் பிடித்தம், மறைத்துப் பிடிபட்டாலும் அதே பிடித்தம். அப்படியென்றால் வில்லையைக் கழற்றுவதுதான் லாபம்.

ஆனால் இதிலும் ஒரு கேடு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விபத்து நடக்க இருந்து தப்பிய சம்பவங்களைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. பிறகு வந்த ஒரு மேலாளர், ஒவ்வொரு குழுவும் வாரம் இத்தனை சீட்டுப் போட வேண்டும் என்று கணக்கு வைத்தார். அன்றிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கற்பனையாக எழுத ஆரம்பித்தார்கள். தரையில் தண்ணீர் இருந்தது, வழுக்க இருந்தேன், இப்படியே கட்டுக்கட்டாக. நிஜமான சீட்டு அந்தக் கட்டுக்குள் மறைந்துபோயிற்று.

#8 பாம்பன்_இளைஞன்

நம்ம ஊர்க்காரர் கதையை யாரும் சொல்லவில்லையே! 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.3 ராக்கெட்டை முதல் முறை ஏவியபோது வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பு கலாம். பத்திரிகையாளர்கள் முன்னால் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18இல் ஜெயித்தபோது, "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்னது. தலைவர் என்றால் இதுதானே?

#9 தொண்டி_வாத்தியார்

தம்பி, இந்தக் கதையின் முன்பாதியையும் கலாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் பரவாயில்லை, போகலாம் என்றார்கள். அவர் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ஏவ முடிவெடுத்தார். இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. ஆராய்ந்து பார்த்ததில் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்திருந்தது தெரிந்தது.

தவன் செய்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அவர் பழியை மட்டும்தான் தன் தோளில் வாங்கிக்கொண்டார். என்ன உடைந்தது, யார் எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தார்கள் என்ற விசாரணை உள்ளே முழுசாக நடந்தது. அப்படி நடந்ததால்தான் ஒரு வருஷத்துக்குள் ஜெயிக்க முடிந்தது. "போனது போகட்டும்" என்று தட்டிக்கொடுத்து முடித்திருந்தால் அடுத்த ராக்கெட்டும் கடலுக்குத்தான் போயிருக்கும். உப்பு அண்ணன் கேட்ட நியாயத்துக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"ஒரே சத்தம்" என்பதற்கும் ஒரு வார்த்தை. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம். ஓடுபாதை முழுக்க மூடுபனி. இரண்டு போயிங் 747 மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கிய விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்குமோ என்று அவருடைய பொறியாளர் கேட்டார். கேப்டன் அழுத்தமாக ஒரு பதில் சொன்னார். அதற்கு மேல் பொறியாளர் கேட்கவில்லை. இதற்குப் பிறகுதான் கேப்டனைக் கீழே உள்ளவர் எப்படிக் கேள்வி கேட்பது, கேப்டன் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வைத்தார்கள். கேப்டன் கெட்டவர் இல்லை. திறமைசாலி. அவருடைய திறமையே மற்றவர் வாயை அடைத்தது.

#10 கச்சான்காற்று

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கத்துவதா, அன்பாகப் பேசுவதா என்றே எல்லோரும் பேசுகிறோம். குரலில் மட்டும் விஷயம் இல்லை.

எங்கள் கடற்கரையில் குரலை உயர்த்தியே பேசாத ஒரு படகு முதலாளியை எனக்குத் தெரியும். "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. கேட்டவர்களுக்கெல்லாம் முன்பணம் கொடுப்பார். கை நீட்டிக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த முன்பணம் ஒரு வருஷமும் தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது அவர் நோட்டில் மட்டும் இருக்கும்.

அந்தப் படகில் பலகை இற்றுப்போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் இறைக்கிற பம்பை அடிக்கடி போட வேண்டியிருந்தது. ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. படகைக் கரையேற்றினால் தொழில் நிற்கும், தொழில் நின்றால் கடன் ஏறும். இன்னொரு படகுக்குப் போகலாம் என்றால் முன்பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் யாரையும் மிரட்டியதில்லை, மிரட்ட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

நான் இப்போது ஓட்டுகிற படகின் முதலாளி வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். ஆனால் கரைக்கு வந்ததும் மீன் விற்ற பணத்தையும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவையும் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்பார். பங்கு அங்கேயே பிரியும். வலை கிழிந்தது என்று சொன்னதற்காக யார் பங்கிலும் கைவைத்ததில்லை. திட்டுவார், பத்து நிமிஷம் திட்டுவார், அப்புறம் வலை பின்னுகிறவரை அவரே கூப்பிட்டுக்கொண்டு வருவார். அவரிடம் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்கிறோம்.

நல்லபடியாகப் பேசுவது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவன் வீட்டு அரிசிப் பானைக்கு அன்றைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பதும் மூடுவதும்.

#11 மண்டபக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கச்சான்காற்று அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு வேலை முடிந்து ஒரு சித்தி வீட்டுக்குப் போனேன். சூப்பர்வைசராகப் போகவில்லை, மீன்குழம்பு கொண்டுபோனேன். தட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவரே சொன்னார். அவருடைய தட்டுத்தான். ஐஸ் தீர்ந்துபோய், ஐஸ் உடைக்கிற தம்பி வரத் தாமதம். எழுந்து போய்க் கேட்டால் அந்த நேரத்துக்கு எடை குறையும், கிலோவுக்குத்தானே கூலி. அந்த மாதம் ஏற்கெனவே ஒரு பிடித்தம் ஆகியிருக்கிறது. இரண்டாவது பிடித்தம் என்றால் குழுக் கடன் தவணை கட்ட முடியாது. வில்லையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாராம்.

ஆக ஐஸ் வராதது கம்பெனியின் குறை. காசு போவது சித்திக்கு.

இதற்கு நடுவில் பெரிய சங்கடம் ஒன்று. அன்றைக்கு ஐஸ் வைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். முதலாளி, "எல்லாம் சரி என்று எழுதிவிடும்மா, ஒரு தட்டுக்காக எதற்குப் பிரச்சினை" என்கிறார். இன்னும் எழுதவில்லை, கட்டம் காலியாக இருக்கிறது. சித்தி வில்லையைக் கழற்றியதற்கும் நான் "சரி" என்று எழுதுவதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

#12 நைட்_டூட்டி

எழுதாதீர்கள் அக்கா. தட்டைத் தனியாக எடுத்துவிட்டீர்களா, அதை முதலில் சொல்லுங்கள். அந்தச் சதையை யாரோ ஒருவர் சாப்பிடப் போகிறார்.

#13 மண்டபக்கரை

எடுத்துவிட்டேன். அன்றைக்கே தனியாக வைத்து, மறுநாள் கொட்டிவிட்டோம். அதில் சந்தேகம் வேண்டாம்.

#14 கீழக்கரை_வெளிநாட்டான்

அப்படியானால் உங்கள் கை பலமாக இருக்கிறது. "ஐஸ் தாமதம், ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது, கொட்டப்பட்டது" என்று நேரத்தோடு எழுதுங்கள். முதலாளியிடம் போகும்போது நல்லது கெட்டது பேச வேண்டாம், அவர் பாஷையில் பேசுங்கள். பதிவேட்டில் வருஷம் முழுக்க "சரி, சரி" என்று மட்டும் இருந்தால் சோதனைக்கு வருகிறவன் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவான். தப்பும், அதற்கு எடுத்த நடவடிக்கையும் எழுதியிருந்தால் கம்பெனி விழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தட்டைக் கொட்டுவது எவ்வளவு, ஒரு சரக்கு முழுசாகத் திரும்பி வருவது எவ்வளவு என்று அவருக்கே தெரியும்.

#15 தொண்டி_வாத்தியார்

தனியாகப் போகாதீர்கள் அம்மா. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனைகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட சோதனையாளர் சொன்னதைக் கேட்டு, பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்சாரம் பாய்ச்சுவதாக நம்பி, 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச்வரை போனார்கள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. இதைச் சொல்லி மனிதர்களே இப்படித்தான் என்று முடித்துவிடுகிறோம். அதே சோதனையை வேறு விதமாகவும் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் நடுவில் எழுந்து, "நாங்கள் மாட்டோம்" என்கிறார்கள். அப்போது 40 பேரில் கடைசிவரை போனவர்கள் 4 பேர்தான்.

தரம் பார்க்கிறவர், ஐஸ் பொறுப்பாளர், யாராவது ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

#16 பெயர்_வேண்டாம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐஸ் வரவில்லை என்பதைச் சொல்ல வைத்துவிடலாம். மேலே இருக்கிறவன் கையே தப்பு செய்தால் யாரிடம் சொல்வது? அதற்கும் பதில் உங்கள் பேச்சில் வர வேண்டும் என்று கேட்கிறேன். பெண்கள் நிறைந்த கூடம், ஆண்கள் நிறைந்த ஆபீஸ். பல இடங்களில் அப்படித்தான்.

நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். 2013இல் வந்த சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கு உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே கொடுக்கலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் மேலும் அவகாசம் தரலாம். அக்கா, உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்ற பலகை சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

#17 மண்டபக்கரை

பெயர் வேண்டாம் என்ற தங்கச்சிக்கு: பார்த்தேன், பலகை இல்லை. அதையும் கேட்டிருக்கிறேன். எழுதியதற்கு நன்றிம்மா.

பதிவேட்டில் நடந்ததை அப்படியே எழுதினேன். தரம் பார்க்கிற தம்பியும் கூட வந்தார். முதலாளி படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அவரே வந்து, "ஐஸ் ஏன் லேட் ஆகிறது" என்று கேட்டார். ஐஸ் உடைக்கிற தம்பி ஒருவர்தான், இரண்டு கூடத்துக்கும் அவரே ஓட வேண்டும் என்று காட்டினேன். இன்னோர் ஆள் போடுகிறேன் என்றிருக்கிறார். இன்னும் வரவில்லை.

பிடித்தம் விஷயத்தில் பாதிதான் சம்மதித்தார். தட்டுக்காரர் உடனே சொன்னால் பிடித்தம் இல்லை, நான் கண்டுபிடித்தால் உண்டு. இதை அவர் வாயாலேயே கூடத்தில் சொல்லச் சொன்னேன், சொன்னார். மேஜையில் யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மதினி மட்டும் கையைத் தூக்கி, "ஐஸ் தீரப்போகுது" என்றார். தீர்ந்த பிறகு இல்லை, தீரும் முன்பே. சம்பளக் கவரில் அவருக்கு என்ன இருக்கப்போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நானும்தான்.

சித்தி பெயரை யாரிடமும் சொல்லவில்லை. உப்பு அண்ணன் இதை ஒப்புக்கொள்வாரா தெரியாது.

#18 வாலிநோக்கம்_உப்பு

ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. ஐஸ் கொடுக்காமல் ஐஸ் வைக்கவில்லை என்று பிடிப்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் மழை வந்தால் நான் சத்தம் போடத்தான் செய்வேன், அதில் மாற்றமில்லை.

டிரைவர் தம்பிக்கு ஒரு கேள்வி. என்னிடமும் முன்பணம் வாங்கிய ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கு என் நோட்டில்தான் இருக்கிறது. அவர்கள் கையிலும் ஒன்று இருந்தால் நல்லது என்று இதைப் படித்ததும் தோன்றியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. உங்கள் படகில் எப்படிச் செய்கிறீர்கள்?

#19 கச்சான்காற்று

அண்ணே, எங்கள் படகில் ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு. வாங்கிய முன்பணம் முதல் பக்கத்தில், தேதியோடு. ஒவ்வொரு தடவையும் பங்கில் எவ்வளவு கழித்தோம் என்று அவர் நோட்டிலும் முதலாளி நோட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவோம், இருவரும் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் வீட்டிலிருந்து பிள்ளை யாராவது வந்து வாசித்துக் காட்டும், அப்புறம்தான் ரேகை. நோட்டு அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும், படகிலோ உங்களிடமோ இருக்கக் கூடாது. பங்கில் பாதிக்கு மேல் ஒரு தடவையில் கழிப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம், மீன்பாடு இல்லாத நாளில் கழிப்பதே இல்லை. உப்பளத்தில் வாரக் கூலியா, நாள் கூலியா? அதைச் சொன்னால் எப்படிப் பிரிக்கலாம் என்று எழுதுகிறேன்.